‘வாதம்’ என்னும் ஒற்றைச்சொல்: சாத்தான்குளம் வட்டாரத்தை முன்வைத்து மூட்டுநோய்களைப் பகுத்தறிதலும் நோயாளர் பராமரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மூட்டுகளைத் தாக்கும் நோய்கள் பல. அவற்றின் காரணமும் போக்கும் மருந்தும் வேறுவேறானவை. ஆயினும் தென்மாவட்ட மக்கள் வழக்கில் அவை பெரும்பாலும் ‘வாதம்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. இப்பொதுமையாக்கம் முடக்குவாதம் போன்ற காலத்தோடு மருத்துவம் பெறவேண்டிய நோயை முதுமையின் தேய்மானமாகவோ உழைப்பின் அசதியாகவோ கருதச் செய்கிறது. சித்த மருத்துவ நூல்களின் பாகுபாடும் பேச்சுவழக்கில் வலியைக் குறிக்கும் சொற்களும் இக்குழப்பத்தைத் தெளிவிக்கும் வளம் உடையவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அத்துடன், நோயாளரைப் பேணும் குடும்பத்தார் அறியவேண்டிய செய்திகளையும் தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மூட்டுநோய், முடக்குவாதம், கீல்வாயு, காலை விறைப்பு, சாத்தான்குளம், பராமரிப்பு, மருத்துவக் கலைச்சொல்.

முன்னுரை

நோயைப் பெயரிட்டு அழைப்பது மருத்துவத்தின் முதற்படி. பெயர் தவறினால் மருந்தும் தவறும். மருந்து சரியாக அமைந்தாலும் காலம் தவறும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் மூட்டுத் தேய்மானத்தால் உலகில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேரும், முடக்குவாதத்தால் ஏறத்தாழ 1.8 கோடிப் பேரும் வாழ்ந்தனர். முன்னதில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினரும் பின்னதில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினரும் பெண்கள். எண்ணிக்கையில் பின்னது சிறிது. ஆனால் உரிய காலத்தில் கண்டறியப்படாவிடில் சில ஆண்டுகளுக்குள் கைவிரல்களைக் கோணச்செய்து ஒருவரின் தொழிலையே பறிக்க வல்லது. இவ்விரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படும்போது, பெரிய எண்ணிக்கையின் நிழலில் சிறிய எண்ணிக்கை மறைந்துவிடுகிறது. இச்சிக்கலை ஒரு வட்டாரத்தின் தொழில், மொழி, குடும்ப அமைப்பு ஆகியவற்றோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாத்தான்குளம் வட்டாரமும் மூட்டின் உழைப்பும்

சாத்தான்குளம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. 1986-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது திருநெல்வேலியைச் சேர்ந்திருந்தது. தாமிரபரணியின் நெல்வயல்களுக்குத் தெற்கே, செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் விரியும் வறண்ட நிலம் இது. பனைத்தொழிலும் கருப்பட்டியும் இந்நிலத்தின் அடையாளங்கள். அண்டையிலுள்ள உடன்குடியின் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

பதனீர்க் காலத்தில் பனையேறி நாள்தோறும் காலையும் மாலையும் ஒவ்வொரு பனையிலும் ஏறி இறங்குவார். காலில் தளைநாரை மாட்டி, முழங்காலை மடக்கி நீட்டி, உடலின் முழு எடையையும் தூக்கி உயரும் தொழில் அது. இறக்கிய பதனீரைப் பெரிய சட்டியில் ஊற்றி அடுப்பின் அருகே அமர்ந்து காய்ச்சுவோர் பெரும்பாலும் பெண்கள். பாகு இறுக இறுகத் துடுப்பைக் கிண்டும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் உழைப்பு கூடும். வடக்கே முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் முதலிய ஊர்களில் பெண்கள் மடியில் சுளகை வைத்துத் தரையில் அமர்ந்து பீடி சுற்றுகின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுவதால், விரலின் வேகமே வருமானம்.

இத்தகைய நிலத்தில் மூட்டுவலி என்பது வியப்புக்குரிய செய்தியாக இருப்பதில்லை. ‘பனையேறின கால் வலிக்கத்தான் செய்யும்’, ‘பீடி சுத்துன கை கடுக்கத்தான் செய்யும்’ என்று கருதுவது இயல்பாகிறது. மீண்டும் மீண்டும் முழங்காலை மடக்குதல், பளு தூக்குதல் ஆகியன முழங்கால் தேய்மானத்தோடு தொடர்புடையன என்பது உண்மை. எனினும் எல்லா மூட்டுவலிக்கும் உழைப்பே காரணம் என்று முடிவுகட்டும்போதுதான் இடர் தொடங்குகிறது.

‘வாதம்’ என்னும் சொல்லின் பரப்பு

தமிழில் ‘வாதம்’ என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கியுள்ளது. மருத்துவ மரபில் அது வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களுள் முதலாவதைக் குறிக்கும். பக்கவாதத்தில் மூளைக் குருதியோட்டக் கேட்டால் விளையும் செயலிழப்பைச் சுட்டுகிறது. இளம்பிள்ளை வாதத்தில் நச்சுயிரி நரம்பைத் தாக்கும் நோயைச் சுட்டுகிறது. முடக்குவாதத்தில் மூட்டின் அழற்சியைச் சுட்டுகிறது. ‘கீல்வாதம்’ என்பதோ இதழ்களில் ஓரிடத்தில் மூட்டுநோய் அனைத்துக்கும், மற்றோரிடத்தில் யூரிக் அமிலத்தால் வரும் நோய்க்கு மட்டும் பெயராக வழங்குகிறது. ‘கீல்’ என்பது மூட்டு, இணைப்பு என்னும் பொருளுடையதாதலின் இரண்டுக்கும் இடமுண்டு.

இப்பொருள்மயக்கத்தின் விளைவுகள் இரண்டு. முதலாவது, ‘முடக்குவாதம்’ என்று மருத்துவர் கூறக் கேட்கும் குடும்பத்தார் பக்கவாதத்தை எண்ணி, நோயாளர் முடங்கிவிடுவார் என்று முன்கூட்டியே நம்பிக்கை இழக்கின்றனர். இரண்டாவது, ‘வாதந்தானே’ என்று வேறு சிலர் பொருட்படுத்தாமல் விடுகின்றனர். அச்சமும் அலட்சியமும் ஒரே சொல்லிலிருந்து பிறக்கின்றன.

இம்மயக்கத்தை மரபு மருத்துவத்தின் குறையாகக் கொள்வது பொருந்தாது. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பது வகையாகப் பகுக்கிறது. சபாபதி கையேடு கீல்வாயுவை மட்டுமே பத்தாக விரிக்கிறது. இக்காலச் சித்த மருத்துவ ஆய்வாளர்கள் அழல் கீல்வாயுவை மூட்டுத் தேய்மானத்தோடும் உதிரவாத சுரோணிதத்தை முடக்குவாதத்தோடும் ஒப்பிட்டுக் காண்கின்றனர். 1964-இல் தொடங்கப்பெற்ற பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத்திலேயே இம்மரபைக் கற்பித்து வருகிறது. இவ்வொப்பீடுகள் இரு வேறு கோட்பாடுகளுக்கு இடையிலானவை என்பதால் முற்றும் ஒன்றாகா. ஆயினும் ஒன்று தெளிவு: நூல்வழக்கு நுட்பமாகப் பகுத்ததை உலகவழக்கு ஒன்றாகத் திரட்டிவிட்டது.

நான்கு நோய்கள், நான்கு இயல்புகள்

மூட்டுநோய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை எனினும், இவ்வட்டாரத்தில் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் நான்கினை வேறுபடுத்தி அறிவது முதன்மையானது.

மூட்டுத் தேய்மானம் எலும்பின் நுனியைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு மெல்லச் சிதைவதால் வருவது. நாளடைவில் மூட்டு முழுவதும் மாற்றமடைகிறது. முதுமை, உடற்பருமன், பழைய அடி, தொடர்ந்த பளு ஆகியன காரணங்கள். பயன்படுத்தும்போது வலி மிகும், ஓய்வில் தணியும். காலையில் விறைப்பு இருந்தாலும் பொதுவாக அரைமணிக்குள் நீங்கும்.

முடக்குவாதம் உடலின் காப்பாற்றல் தன் உடலையே தாக்குவதால் வருவது. மூட்டின் உட்புறச் சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. கை, கால்களின் சிறுமூட்டுகளில், பெரும்பாலும் இருபுறமும் ஒத்து வருவது இதன் அடையாளம். காலை விறைப்பு ஒரு மணிநேரமும் அதற்கு மேலும் நீடிக்கும். சோர்வு, இளங்காய்ச்சல், பசியின்மை, இரத்தசோகை ஆகியனவும் உடன்வரும். முதியோர்க்கே உரியதன்று, முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கும் வரும். கண், நுரையீரல், இதயம் ஆகியவற்றையும் அது பாதிக்கக்கூடும். டெல்லியை அடுத்த ஊரகப் பகுதியில் நிகழ்த்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது.

யூரிக் அமில மூட்டுநோய் குருதியில் மிகுந்த யூரிக் அமிலம் படிகங்களாக மூட்டில் படிவதால் வருவது. இரவில் திடீரெனக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்கவியலாத வலி தரும். ஆண்களிடம் மிகுதி, மது இதனைத் தூண்டும். இந்நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் காட்டியவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரட். பின்னர் 1859-இல் முடக்குவாதத்துக்குத் தனிப்பெயர் சூட்டி அதனை இந்நோயினின்று பிரித்தவரும் அவரே. மேலை மருத்துவமும் இவற்றை நெடுங்காலம் ஒன்றாகவே குழப்பிக்கொண்டிருந்தது என்பது இதனால் விளங்கும்.

நான்காவது, சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டுநோய். 2006-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் எனப் பதிவானது. தமிழகமும் பெரிதும் பாதிக்கப்பட்டது. காய்ச்சல் சில நாள்களில் நீங்கினாலும் மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கோண்டே மொழியில் ‘சிக்குன்குனியா’ என்பது உடல் வளைந்து மடங்குதலைக் குறிக்கும் சொல். தமிழில் ‘முடக்கு’ என்பதும் அதுவே. முடக்கை அறுப்பது என்னும் பொருளில் அமைந்த முடக்கறுத்தான் என்னும் கீரைப் பெயர் முடக்கத்தான் என மருவி இன்றும் அடுக்களையில் வழங்குகிறது. தொலைவிலுள்ள இரு மொழிகள் நோயை அது உடலுக்குத் தரும் வடிவத்தால் பெயரிட்டுள்ளமை நோக்கத்தக்கது. வடிவம் ஒன்றாயினும் காரணம் வேறு என்பதை அறிவதே பகுப்பின் பயன்.

பேச்சுவழக்குச் சொற்கள் தரும் குறிப்புகள்

நோயின் பெயரில் வறுமை காட்டும் பேச்சுவழக்கு வலியின் இயல்பைச் சொல்வதில் வளமுடையது. கடுப்பு, உளைச்சல், குடைச்சல், குத்தல், விறைப்பு, ‘நீர் கோத்திருக்கு’, ‘பிடிச்சிக்கிட்டு’ எனத் தென்மாவட்டத்தார் வேறுபடுத்திச் சொல்கின்றனர். நாள் முழுதும் நின்றபின் வரும் கடுப்பு வேறு. இரவில் உறக்கம் கலைக்கும் குடைச்சல் வேறு. விரல் மொழிகளில் ‘நீர் கோத்திருக்கு’ என்பது வீக்கத்தைச் சுட்டும் முக்கியக் குறிப்பு. ‘காலையில கை மடங்கமாட்டேங்கு’ என்பது விறைப்பைத் தெளிவாக உரைக்கும் தொடர்.

ஆகவே நோயாளரிடம் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ‘எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் விறைக்கிறது’ என்றும் கேட்டல் வேண்டும். கடிகார நேரம் சொல்ல இயலாதவரிடம் அன்றாடச் செயலை அளவாகக் கொள்ளலாம். வாசல் தெளித்துக் கோலமிட முடிகிறதா, சேலைக் கொசுவத்தைப் பிடிக்க முடிகிறதா, குடத்தின் கழுத்தைப் பற்ற முடிகிறதா என்பன விரலின் நிலையைக் காட்டும். பீடி சுற்றும் பெண்ணுக்கு எண்ணிக்கையே அளவுகோல். மதியத்துக்குமேல் வழக்கம்போல் சுற்றுபவர் காலையில் மட்டும் பாதியும் சுற்ற இயலாதிருப்பின், அது கை அசதியாக இருப்பதற்கு இடமில்லை. அசதி மாலையில் மிகும். அழற்சி காலையில் மிகும்.

இங்கு ஒரு சமூகச் சிக்கலும் அடங்கியுள்ளது. முடக்குவாதம் உடைய பெண் விடியற்காலையில் எழ இயலாது தவிப்பார்; பத்து மணிக்குமேல் ஓரளவு இயங்குவார். கூட்டுக்குடும்பத்தில் காலை வேலையே வீட்டுவேலையின் பெரும்பகுதி. அவ்வேலை முடிந்தபின் நன்றாக நடமாடும் மருமகளைக் காண்போர் ‘வேலைக்குப் பயந்து படுத்திருக்கிறாள்’ என்று கருதிவிடுகின்றனர். நோயின் மிகத் தெளிவான அடையாளமே சோம்பலின் சான்றாகத் திரிக்கப்படுகிறது. அவரும் சொல்லுக்கு அஞ்சி வலியை மறைக்கிறார். மருத்துவத்துக்குரிய காலம் இவ்வாறே கழிகிறது.

காலமும் மருந்தும்

முடக்குவாதத்தில் எலும்பரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அரிக்கப்பட்ட எலும்பு பழைய வடிவத்துக்கு மீள்வதில்லை. எனவே நோய் தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் நோயின் போக்கை மாற்றும் மருந்தைத் தொடங்குவது நல்ல பயன் தரும் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. ஒன்றுக்கு மேற்பட்ட சிறுமூட்டுகளில் வீக்கமும் நெடுநேரக் காலை விறைப்பும் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மூட்டுநோய் மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது. முடக்குவாதக் காரணி, சிசிபி எதிர்ப்பொருள், இரத்தச் சிவப்பணுப் படிவு வேகம் முதலிய சோதனைகள் துணைசெய்யும். சோதனை இயல்பாக இருப்பதனாலேயே நோய் இல்லை என்று கொள்ளவும் இயலாது.

இம்மருந்துகளுள் முதன்மையானது மெதோட்ரெக்சேட். இதன் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவில் ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிர்ப்பொருள்களையும் ஆராய்ந்த குழுவை வழிநடத்தினார். இரத்தப் புற்றுநோய்க்கென வளர்ந்த அம்மருந்து வரிசையில் வந்ததே மெதோட்ரெக்சேட். குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கு அதனைப் பயன்படுத்த 1988-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

இம்மருந்தை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே கேடு விளையும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மருந்துச்சீட்டை, பிற மாத்திரைகளைப் போலத் தினமும் என்று பொருள்கொள்ளும் இடர் எங்கும் உண்டு. ‘வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும்’ என்று கிழமையைக் குறித்துத் தமிழில் எழுதித் தருவது எளிய, ஆனால் உயிர்காக்கும் செயல். உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தலாகாது. மது கூடாது. கருவுற்றோரும் கருவுற விரும்புவோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல், வறட்டு இருமல் தோன்றின் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். உரிய இடைவெளியில் குருதிச் சோதனையும் வேண்டும்.

ஸ்டீராய்டு மருந்து பற்றிய தெளிவும் தேவை. 1948-இல் மேயோ மருத்துவ நிலையத்தில் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளருக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தியபோது, படுக்கையில் கிடந்தவர் சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் நீண்டநாள் பயன்பாட்டில் எலும்பு மெலிதல், சர்க்கரை மிகுதல், முகம் உப்புதல், தொற்று ஆகிய தீங்குகள் விரைவில் வெளிப்பட்டன. இன்றும் குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் அது பயன்படும் மருந்தே. பெயரிடப்படாத பொட்டலத்தில் விற்கப்படும் ‘வாதப் பொடி’யும் உடனடி வலிநீக்கும் ஊசியும் ஸ்டீராய்டைக் கொண்டிருக்கக்கூடும் என்பதே எச்சரிக்கை. ஒரே நாளில் வலி நீங்கியது என்பது நோய் நீங்கியதற்குச் சான்றாகாது. நெடுநாள் உட்கொண்டவர் அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சித்த மருந்தும் அலோபதி மருந்தும் ஒருங்கே உட்கொள்வோர் இரு மருத்துவரிடமும் அதனை மறையாது கூறுதல் நன்று.

உழைச்செல்வார் கடமை

திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைக்கிறது. அவருக்கு வள்ளுவர் வழங்கும் பெயர் ‘உழைச்செல்வான்’. நெடுநாள் நீடிக்கும் மூட்டுநோயில் இக்கூற்றின் பொருத்தம் மிகுதி. மருத்துவரைக் காண்பது மாதத்துக்கு ஒருமுறை. ஏனைய நாளெல்லாம் வீட்டாரே துணை.

பேணுவோர் முதலில் செய்யத்தக்கது காலை வேலையின் நேரத்தை மாற்றியமைத்தல். எழுந்தவுடன் இளஞ்சூட்டு நீரில் கைகளை வைத்திருந்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டியபின் வேலையைத் தொடங்கலாம். கடின வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளலாம். அகப்பை, அரிவாள்மணை, துடைப்பம் ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரலுக்கு அழுத்தம் குறையும். குடத்தை விரலால் தூக்காமல் இரு கைகளாலும் அணைத்துத் தூக்க வேண்டும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைத் தவிர்க்க வேண்டும்.

முழங்கால் தேய்மானம் உடையவர் சம்மணமிடுதலையும் குந்துதலையும் குறைக்க வேண்டும். கழிப்பறையில் உயர்ந்த இருக்கையும் சுவரில் கைப்பிடியும் அமைப்பது மாத்திரையினும் மேலான உதவியாகலாம். மிகை எடையைக் குறைத்தலும் தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வலியைக் குறைக்கும். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடி நிறுத்தி இறக்குவது அத்தகைய எளிய பயிற்சி. ‘தேய்ந்த மூட்டை ஆட்டக்கூடாது’ என்னும் நம்பிக்கை தவறு. இயங்காத மூட்டு இறுகும், தசை மெலியும். அழற்சி மிகுந்து சிவந்து வீங்கிய நாளில் மட்டும் மூட்டுக்கு ஓய்வு தந்து, தணிந்தபின் பயிற்சியைத் தொடர வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழக அரசுத் திட்டம் வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் அளிப்பதையும் உள்ளடக்கியது. பேருந்தேற இயலாத நோயாளரை இதனுடன் இணைப்பது பேணுவோர் செய்யக்கூடிய பயனுள்ள செயல்.

மனநலமும் மறக்கத்தக்கதன்று. வெளியில் தெரியாத வலியை நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை நோயாளரைச் சோர்வுறச் செய்கிறது. வலியை நம்புதல் பேணலின் தொடக்கம். பேணுபவருக்கும் ஓய்வு வேண்டும். பொறுப்பு ஒருவர்மேல் மட்டும், குறிப்பாகப் பெண்மகள் ஒருத்தியின்மேல் மட்டும் விழாதவாறு பகிரப்படுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: ‘வாதம்’ என்னும் பொதுச்சொல் காரணத்தால் வேறுபட்ட நோய்களை மறைக்கிறது, சித்த நூல்வழக்கும் வட்டாரப் பேச்சுவழக்கும் அவற்றைப் பகுக்கும் கருவிகளைத் தம்முள் கொண்டுள்ளன, காலை விறைப்பின் நேர அளவு எவரும் கேட்டறியத்தக்க எளிய அடையாளம், அதனைச் சோம்பல் என்று பிழைபடக் கொள்வது மருத்துவக் காலத்தை வீணாக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் வெளியிட்டார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, மூட்டுநோய்களுக்கு ஒரு நோய்க்கு ஒரு பெயர் என்னும் வரையறையோடு கலைச்சொற்களை நிலைப்படுத்துவதும், வட்டாரந்தோறும் வலிச்சொற்களைத் தொகுத்து மருத்துவ மாணவர்க்கு அளிப்பதும் தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணிகள். மருத்துவரும் மொழியாய்வாளரும் இணைந்து செய்யவேண்டிய அப்பணி, காலையில் விரல் மடங்காத ஒரு பெண் ‘எனக்கு வாதம்’ என்று சொல்லி அமைந்துவிடாமல், தன் நோயை உரிய பெயரால் அறிந்து உரிய காலத்தில் மருத்துவமனை சேர வழிசெய்யும்.